இரண்டாம் பாதியில் ஒரு கொலை

முதல் கல் ஜன்னலை உடைத்தது. இரண்டாவது கல் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே வந்து, தர்மிகாவின் காதை உரசிக்கொண்டு போய், சுவரில் தொங்கிய மாதா படத்தின் கண்ணாடியைச் சுக்குநூறாக்கியது.

தர்மிகா தரையில் குப்புற விழுந்தாள். பக்கத்தில் அவளுடைய முதலாளி கிரிதரும் விழுந்து கிடந்தார். ஆனால் அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை மட்டும் ஒரு சொட்டும் சிந்தாமல் நிமிர்ந்து நின்றது.

“மாதாவுக்கே அடி விழுந்திட்டுது. உங்கடை தேத்தண்ணிக்கு ஒண்டுமில்லை,” என்றாள் தர்மிகா.

“இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்கம்மா. வேஸ்ட் பண்ண மனசு வரல,” என்றார் கிரிதர்.

கிரிதர் சென்னையில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் துருவிக்கொண்டிருந்தவர். மனைவி ஸ்ரீலேகாவுக்கு ஓஸ்லோவில் ஆராய்ச்சி வேலை கிடைக்க, அவரும் பெட்டியோடு பெட்டியாக வந்து சேர்ந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆரம்பித்ததுதான் மாப்பிள்ளை விசாரிக்கும் தொழில். நார்வே மாப்பிள்ளை குடிக்கிறானா, ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி வைத்திருக்கிறானா என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் கேட்பார்கள். இவர் போய் மூக்கை நுழைத்துவிட்டு வந்து பதில் சொல்வார்.

தர்மிகா ஓஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவள். பால்பல் விழுகிற வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். கிரிதர் இங்கே விசாரித்த முதல் மாப்பிள்ளை அவளுக்குப் பார்த்தவன்தான். அந்தக் கல்யாணம் நின்றுபோனது. ஓய்வு நாட்களில் கிரிதரிடம் இந்த உதவி உத்தியோகம் நிலைத்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவள் வாய் ஓயவில்லை.

கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே யோகராணி விளக்குமாறோடு நின்றாள். வீட்டுக்காரி அவள்தான். அழுது முடித்துவிட்ட முகம்.

“வெள்ளிக்கிழமையிலை இருந்து இதுதான் நடக்குது,” என்றாள். “நான் பொலிஸுக்கு அடிச்சால் அவன் வானை எடுத்துக்கொண்டு போயிடுவான். பொலிஸ் போனால் திரும்பி வந்திடுவான்.”

அவன் என்றால் சந்திரகுமார். கொலையான இரத்தினவேலின் தம்பி.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘வேதாசலம்’ என்று ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஆலைத் தொழிலாளியாக ஆரம்பித்து, சிறை போய், மந்திரியாகி, கடைசியில் பதவியை உதறிய ஒரு தலைவரின் வாழ்க்கைக் கதை. வெளிவந்த காலத்தோடு படம் காணாமல் போய்விட்டது. வீடியோ கிடையாது, டிவிடி கிடையாது. ஆனால் அதன் கதை வசனம் மட்டும் ரெக்கார்டிலும் கேசட்டிலும் ஊர் ஊராக ஓடி, படத்தைக் கண்ணால் காணாத ஒரு தலைமுறையே வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும். எஞ்சியிருந்த ஒரே பிரதியை இரத்தினவேல் லண்டனில் யாரையோ கெஞ்சிக் கூத்தாடிப் பெற்று வந்தார். ஓஸ்லோவில் தியேட்டர் பிடித்தார். தமிழ்ச் சனம் திரண்டது. நார்வே தியேட்டரில் நடுவில் இடைவேளை விடும் வழக்கம் இல்லை; நம்மவர்களுக்கு மட்டன் ரோல் இல்லாமல் படம் இறங்காது என்பதால் இடைவேளையும் விட்டார்கள்.

படம் முடிந்தபோது, புரொஜெக்டர் அறைக்குப் பக்கத்துச் சிறு அறையில் இரத்தினவேல் மண்டை பிளந்து கிடந்தார். படச்சுருள் வந்த இரும்புப் பெட்டியால் அடித்திருந்தார்கள். ஒரு அடி இல்லை, மாறி மாறி அடித்திருந்தார்கள். உயிர் போகும்வரை அவரை மடியில் போட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தவர் படம் ஓட்டிய வின்சென்ற். யோகராணியின் கணவர். இடைவேளையில் ரோல் தீர்ந்த விஷயத்துக்காக இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் வாய்ச்சண்டை போட்டிருந்தார்கள். இது போதாதா போலீசுக்கு?

யோகராணியின் கைப்பேசி அடித்தது. அவள் கேட்டாள். “தக்” என்று நோர்வீஜிய மொழியில் நன்றி சொன்னாள். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே கீழே வழுக்கி உட்கார்ந்தாள்.

“அட்வொகாட் கதைச்சவர். சாட்சி போதாதாம். இண்டைக்குப் பின்னேரம் இவரை விடுகினமாம்.”

“நல்ல செய்தி தானே!” என்றார் கிரிதர்.

“என்ன நல்ல செய்தி அண்ணை? வெளியிலை நிக்கிறவன் மடியிலை ஆட்டிறைச்சி வெட்டுற கத்தி வைச்சுக்கொண்டு இருக்கிறான். என்ரை மனுசன் உள்ளுக்கை இருந்தால் கொலைகாரன். வெளியிலை வந்தால் பிணம்.” யோகராணியின் குரல் உடைந்தது. “ஆர் செய்தது எண்டு அதுக்கு முதல் கண்டுபிடியுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

கிரிதர் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். கோட்டை மாட்டினார். நேராக வெளியே நடந்தார்.

ஓஸ்லோவின் ஓரத்திலிருந்த ஹவுகன்ஸ்டுவாவின் அடுக்குமாடிகளுக்கு நடுவே பனி முழங்கால் வரை கிடந்தது. வெள்ளை வானுக்குள் சந்திரகுமார் உட்கார்ந்திருந்தான். குரோருட்டில் இறைச்சிக்கடை வைத்திருப்பவன். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்கள்.

“நீ ஆர்?” என்றான்.

“கிரிதர். மாப்பிள்ளை விசாரிக்கிறவன்.”

வான் கதவு திறந்ததும் குத்து விழுந்ததும் ஒன்றாக நடந்தது. கிரிதர் பனியில் மல்லாந்தார். வெள்ளையில் சிவப்பு கோடு போட்டது. மூக்கை நுழைப்பதையே தொழிலாக வைத்திருந்த மனிதருக்கு அதற்கான கூலி இன்று கிடைத்தது. தர்மிகா பாய்ந்து நடுவில் நின்றாள்.

“தள்ளு தங்கச்சி. உன்னோடை எனக்குக் கோபம் இல்லை.”

“எனக்கு உங்களோடை கோபம் இருக்கு. இந்த மூக்குக்கு வேறை ஸ்பெயார் இல்லை.”

கிரிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். “சந்திரகுமார், உங்களுக்கு வேண்டியது வின்சென்ட்டா, உங்க அண்ணனை அடிச்சவனா?”

“ரெண்டும் ஒண்டுதான்.”

“ஒண்ணு இல்லேன்னா?”

சந்திரகுமார் கத்தியைப் பார்த்தான். “அப்ப மற்றவனைக் கொண்டு வந்து காட்டு. அவனை வெட்டுறன். பின்னேரத்துக்குள்ளை காட்டாட்டி வின்சென்ற்.” கதவை அறைந்து சாத்தினான்.

உள்ளே வந்ததும் மூக்குத் துவாரங்களில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிரிதர் கேட்டார். “யோகராணி, வின்சென்ட் போலீஸ்கிட்ட சொல்லாத விஷயம் ஏதாவது உங்ககிட்ட சொன்னாரா?”

அவள் தயங்கினாள். “இடைவேளைக்குப் பிறகு சிகரெட் பிடிக்கத் தியேட்டரின்ரை பின்படிக்குப் போனவராம். இப்பத்தை மெஷினிலை முழுப்படத்தையும் ஒட்டிப் பெரிய தட்டிலை வைச்சால் தானே ஓடும், ஆள் நிக்கத் தேவையில்லை. ஓடேக்கை விட்டிட்டுப் போனது தெரிஞ்சால் பேந்து படம் ஓட்ட விடமாட்டினம் எண்டு முதல் மறைச்சவர்.”

“வெளியில எதையாவது பார்த்தாரா?”

“பாக்கேல்லை. கேட்டவர். படிக்குத் திரும்பி வரேக்கை உள்ளுக்கை தொம் தொம் எண்டு அடிக்கிற சத்தம், ஒருத்தர் முனகிற சத்தம். படத்திலை சிறைக்குள்ளை தலைவரைப் போட்டு அடிக்கிற கட்டம் எண்டு நினைச்சவர். இன்னொரு சிகரெட் பத்தவைச்சவர்.” யோகராணி வாயைப் பொத்தினாள். “அந்தச் சிகரெட்டுக்காக இப்ப நெஞ்சிலை அடிச்சு அழுறார்.”

வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டரில் நடுவரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவள் தர்மிகா. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சிறைக் கட்டம் இடைவேளைக்கு முதல் எல்லோ வந்தது! ரெண்டாம் பாதியிலை ஒரு அறைகூட விழாது. எல்லாம் பேச்சுத்தான்.”

“படம் ஓட்டுறவருக்குக் கதை எங்க தெரியுது?” என்றார் கிரிதர். “ஆக, ரெண்டாம் பாதியில ஹாலை விட்டு ஒருத்தன் எழுந்து போயிருக்கான். கதவுப் பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தது?”

“செபஸ்ரியன் மாஸ்ரர். கடைசி வரிசை, கதவோரம். இடைவேளை வரைக்கும் ஒவ்வொரு வசனத்தையும் படத்துக்கு முதல் தான் சொல்லிக்கொண்டு இருந்தவர். அம்மா திரும்பி ‘உஷ்’ எண்டு சத்தம் போட்டவ. அதுக்குப் பிறகு சத்தமில்லை.”

“உங்கம்மா பெரிய உபகாரம் பண்ணாங்க. வண்டியை எடு.”

செபஸ்ரியனைத் தெரியாத தமிழர் ஓஸ்லோவில் இல்லை. பொங்கலா, பள்ளி விழாவா, மேடையில் அவர் குரல்தான். வேதாசலத்தின் கடைசிப் பேச்சை அவர் நிகழ்த்தினால் கைதட்டல் அடங்க நேரமாகும். அந்தக் குரலைப் படிக்கல்லாக வைத்து இந்த 2007 இலையுதிர்காலத்தில் நகரசபைத் தேர்தலுக்கு நிற்கப்போகிறார். வெள்ளிக்கிழமை படம் முடிந்ததும் அவரை மேடையேற்றி அறிமுகம் செய்வதாக இருந்தவர் இரத்தினவேல்தான்.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் காப்பிக்கடையில் அவரைப் பிடித்தார்கள். கழுத்தில் பட்டுச் சால்வை, மேசையில் அவர் படம் போட்ட துண்டுப்பிரசுரங்கள்.

“இருங்கோ பிள்ளை. மிஸ்டர் கிரிதர், மூக்கிலை என்ன?”

“பனியில வழுக்கிட்டேன் சார்.”

“எல்லாருக்கும் வழுக்கும். எழும்புறவன்தான் தலைவன்.”

தர்மிகா இலவங்கப்பட்டை பன்னை வாய் நிறைய அடைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் சிரித்திருப்பாள்.

“மேடம் வரலியா?” என்று கேட்டார் கிரிதர். தொழில் புத்தி, தம்பதியரில் ஒருவரைக் கண்டால் மற்றவரைத் தேடும்.

“கிருஷ்ணகுமாரி லண்டனிலை. தாய்க்குச் சுகமில்லை. போய்க் கொஞ்சக் காலம்.” செபஸ்ரியன் காப்பியைக் கலக்கினார். “நீங்கள் இரத்தினவேலைப் பற்றிக் கேக்க வந்தனீங்கள். என்ரை வலது கை போச்சுது. வேறை என்ன சொல்ல?”

“ரெண்டாம் பாதியில யாராவது வெளியே போனாங்களா சார்? நீங்க கதவோரம்.”

“ஒரு ஈ காக்கா போகேல்லை. போனால் கதவு வெளிச்சம் என்ரை முகத்திலை விழும்.” குரலைத் தாழ்த்தினார். “ஒருத்தன் மட்டும் கதவைத் திறந்து எட்டிப் பாத்தவன். வின்சென்ற். சேர்ட்டிலை கறை. நான் படத்திலை மூழ்கி இருந்ததாலை அப்ப யோசிக்கேல்லை.”

“எந்த நேரம்?”

“கடைசிப் பேச்சு. அந்தக் கட்டத்தை மறக்க ஏலுமே, மிஸ்டர் கிரிதர்? சின்னனிலை ஊர்த் தியேட்டரிலை எத்தனையோ தரம் பாத்தனான், ஆனாலும் வெள்ளிக்கிழமை…”

தர்மிகாவின் கைப்பேசி நடுங்கியது. யோகராணி. தர்மிகா எழுந்து தள்ளிப் போனாள்.

“தர்மிகா, இவரை விட்டாச்சாம்! இப்பவே ரயில் ஏறிட்டார். நான் வரவேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல, வீட்டை வந்து குளிக்க வேணும் எண்டு போனை வைச்சிட்டார். அவன் இன்னும் கீழை நிக்கிறான்!”

அவள் ஓடி வந்தபோது செபஸ்ரியன் இரண்டு கையையும் விரித்தபடி ஏதோ சொல்லி முடித்துக்கொண்டிருந்தார். கிரிதரின் கண் கலங்கியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் செபஸ்ரியன் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“நானும் வாறன். சந்திரகுமார் என்ரை சொல்லைக் கேப்பான். நீங்கள் முன்னாலை போங்கோ, நான் என்ரை காரிலை வாறன்.”

வெளியே பனி கொட்டியது. வழியில் ஒரு லாரி குறுக்கே வழுக்கி நின்றதால் தர்மிகா சுற்றுப்பாதையில் திருப்பினாள். செபஸ்ரியனின் கார் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. கிரிதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

“என்னா வர்ணனைம்மா! எங்க தெருவுல கல்யாணம்னா அந்த ரெக்கார்டைப் போடுவாங்க. அந்தக் கைதட்டல் வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். இன்னிக்கு அவர் சொல்லச் சொல்ல அந்தக் கூட்டம் அப்படியே என் கண்ணு முன்னாடி நின்னுது.”

“எந்தக் கூட்டம்?”

“கடைசிப் பேச்சுக் கூட்டம்தான். மைதானம் நிறைய ஜனம். ஆயிரமாயிரம் பேர் எழுந்து நின்னு கைதட்டுறாங்களே.”

“ஆயிரம் பேரோ? நான் பாத்த படத்திலை ஒரு ஆடுதான் நிண்டது.”

“விளையாடாதே.”

“சத்தியமா! பதவி போன பிறகு தலைவர் தான் முதன்முதல் பேசின மைதானத்துக்கு வாறார். அங்கை ஆரும் இல்லை. உடைஞ்ச கதிரை ஒண்டு, புல்லு மேயிற ஆடு ஒண்டு. வெறும் மைதானத்துக்குத்தான் அந்தப் பேச்சு முழுக்கப் பேசுறார். கைதட்டல் அவரின்ரை காதுக்குள்ளைதான் கேக்குது. தியேட்டரிலை அழாத ஆள் இல்லை. அம்மா என்ரை ஜாக்கெட்டிலை மூக்குச் சீறினவ.” அவள் திரும்பிப் பார்த்தாள். “நீங்கள் அந்தப் படம் பாத்தனீங்களோ?”

கிரிதர் மூக்கிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“நான் பார்த்ததே இல்ல. கேட்டிருக்கேன். ரெக்கார்டுல கைதட்டல்தான் வரும், வெறும் மைதானம் வராது. அதனாலதான் அவர் சொன்னது எனக்குத் தப்பாவே படல.” தொண்டையைச் செருமினார். “தர்மிகா, அவரும் கேட்டவர்தான். சின்ன வயசுலயும் பார்க்கல, வெள்ளிக்கிழமையும் பார்க்கல.”

“அப்ப கடைசிப் பேச்சு நேரம் அவர் ஹாலிலை இல்லை!”

“கொலைக்கு அப்புறம் ஊர்ல யாரும் படத்தைப் பத்திப் பேசல. பேசியிருந்தா அவருக்கு அந்த ஆடு காதுல விழுந்திருக்கும். மிதி!”

தர்மிகா மிதித்தாள். பஸ்ஸில் அப்படி மிதித்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வின்சென்ற் பனியில் கிடந்தார். தடித்த குளிர் ஜாக்கெட் தோளில் வெட்டுப்பட்டு, பஞ்சு பிதுங்கி, அந்தப் பஞ்சு சிவந்துகொண்டிருந்தது. சந்திரகுமார் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கத்தியை ஓங்கிப் பிடித்திருந்தான். யோகராணி அவன் முதுகில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை. மாடிகளிலிருந்து தமிழ்ச் சனம் இறங்கி வந்து வட்டமாக நின்றது. எல்லாரும் வெள்ளிக்கிழமை தியேட்டரில் இருந்தவர்கள். யாரோ போலீசுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கிட்டே போகத் துணிவு இல்லை.

“சொல்லடா! ஏன் அடிச்சனி?” என்று சந்திரகுமார் கத்தினான்.

அருகிலேயே செபஸ்ரியன் நின்றார். தடுக்கவில்லை. “சந்திரகுமார், சட்டம் இவனை விட்டிட்டுது. ஆனால் சனத்தின்ரை மனம் விடுமோ? நான் என்ன சொல்லுவன், தம்பி!” என்றார் உருக்கமாக. எரிகிற நெருப்புக்கு அவர் வார்த்த எண்ணெய் எல்லாம் இப்படித்தான் மணந்தது.

தர்மிகா பாய்ந்து கத்திக் கையைப் பிடித்தாள். சந்திரகுமார் உதறினான். கத்தி அவள் முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் கத்திக்கொண்டு விழுந்தாள். கத்தி மறுபடி உயர்ந்தது.

“செபஸ்ரியன் சார்!” கிரிதர் குரலை உயர்த்தினார். “நீங்க பேசினா இவர் அடங்குவார்னு சொன்னீங்களே. காப்பிக்கடையில எனக்குச் சொன்னதை இங்க சொல்லுங்க. அந்தக் கடைசிப் பேச்சு. இவங்கண்ணன் கொண்டுவந்த படம். இவர் கேக்கட்டும்.”

செபஸ்ரியன் சுற்றிலும் பார்த்தார். சனம் அவர் வாயையே பார்த்தது. கேட்க ஆள் கிடைத்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் ஓடாது என்பதைக் கிரிதர் காப்பிக்கடையிலேயே கண்டுகொண்டிருந்தார். சால்வை தோளில் ஏறியது.

“தம்பி, கேள். உன்ரை அண்ணன் எங்களுக்குக் காட்டிய தலைவன் எப்பிடி நிண்டான்? ‘என் மக்களே! நான் கேட்டது நாற்காலியல்ல, உங்கள் நெஞ்சில் ஒரு மூலை!’ அப்ப அந்த மைதானத்தைப் பாத்தனியோ? கடல் போலச் சனம்! மரத்திலை சனம், மதிலிலை சனம்! ஆயிரம் பதினாயிரம் கைகள் எழும்பித் தட்டினதை…”

அவர் நிறுத்தினார். எங்கேயோ பிழை நடந்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. என்ன பிழையென்று தெரியவில்லை. இத்தனை வருடமும் இந்த இடத்தில்தான் கைதட்டல் வரும். இன்று ஒருவர் கையும் அசையவில்லை.

“எந்தச் சனம்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

சந்திரகுமாரின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. “அங்கை ஆரும் இல்லை,” என்றான். “ஒரு ஆடு நிண்டது. அண்ணை எனக்கு முதலே சொன்னவர், அந்தக் கட்டத்திலை அழாமல் இரு பாப்பம் எண்டு. நான் விக்கி விக்கி அழுதனான்.” அவன் செபஸ்ரியனை நிமிர்ந்து பார்த்தான். “நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள், மாஸ்ரர்?”

செபஸ்ரியன் ஓடினார். மேடையில் மிடுக்காக நடக்கிற கால்களுக்குப் பனிக்கட்டியில் ஓடத் தெரியவில்லை. தர்மிகா ரத்தக் கையோடு எழுந்து அவர் இடுப்பில் விழுந்தாள். இருவரும் உருண்டார்கள். அவர் முழங்கை அவள் வாயில் இடித்தது; ஒரு பல் ஆடியது. அவள் விடவில்லை. அதற்குள் சந்திரகுமார் வந்து அவர் தலைமயிரைப் பற்றித் தூக்கிக் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான். அவள் பிடியைத் தளர்த்தி விலகினாள்.

“அவன் என்னை மேடையிலை ஏத்தமாட்டன் எண்டான்!” செபஸ்ரியனின் குரல் கீச்சிட்டது. அந்தப் பேர்போன குரல் எங்கே போனதோ. “தான் ஏறப்போறன் எண்டான். லண்டனிலை கிருஷ்ணகுமாரியைக் கண்டவனாம். அவளின்ரை தாடை உடைஞ்சதை எல்லாருக்கும் சொல்லப்போறன் எண்டான்! ஒரு குடும்பத்துக்குள்ளை நடந்த விசயம் அது! அதுக்காக என்ரை பேரைக் கெடுக்கலாமோ? ஒருக்காத்தான் அடிச்சனான், பிறகு… பிறகு நிப்பாட்ட முடியேல்லை.”

தர்மிகா ரத்தத்தைத் துப்பினாள். கிருஷ்ணகுமாரி அக்கா ஏன் எந்த விழாவிலும் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தாள் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு காலம் அதைக் கூச்சம் என்று நினைத்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சந்திரகுமாரின் கை இறுகியது. செபஸ்ரியனின் கழுத்தில் ரத்தம் கோடாக இறங்கியது.

“சந்திரகுமார்,” என்றார் கிரிதர். கிட்டே போகவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “உங்கண்ணனுக்கு அங்க உயிர் இருந்துது. வின்சென்ட் மடியிலதான் போச்சு. கடைசியா அவர் என்ன சொன்னார்னு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளைத்தான் இப்ப வெட்டிப் போட்டிருக்கீங்க. ரத்தம் நிக்காம போயிட்டிருக்கு. இவனை வெட்டிட்டுப் போய்க் கேக்கறதுக்குள்ள அவர் இருப்பாரான்னு எனக்குத் தெரியாது.”

தூரத்தில் போலீஸ் வண்டியின் ஊளை கேட்டது. சந்திரகுமார் கத்தியைப் பார்த்தான். வின்சென்ற் கிடந்த பக்கம் பார்த்தான். கத்தி பனியில் விழுந்தது. கிரிதர் அதைக் காலால் காருக்கு அடியில் தள்ளினார். சுற்றி நின்ற ஆண்களுக்கு அப்போதுதான் கைகால் வந்தது. நாலு பேராகச் சேர்ந்து செபஸ்ரியனை அமுக்கிப் பிடித்தார்கள்.

சந்திரகுமார் ஓடிப்போய் வின்சென்ற் பக்கத்தில் முழங்காலில் விழுந்தான். யோகராணி அவன் முகத்தில் அறைந்தாள். அவன் வாங்கிக்கொண்டான். கழுத்து மஃப்ளரை உருவி, தான் வெட்டிய காயத்தின்மேல் தானே அழுத்திப் பிடித்தான். இறைச்சி வெட்டிப் பழகிய கைக்கு எங்கே அழுத்தினால் ரத்தம் நிற்கும் என்று தெரிந்திருந்தது.

“வின்சென்ற் அண்ணை… அவர் ஏதும் சொன்னவரோ?”

வின்சென்ற் கண்ணைத் திறந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. “நான் கேட்டனான், ஆர் அடிச்சது எண்டு. அதுக்கு மறுமொழி சொல்லேல்லை.”

“பேந்து?”

“படம் முடிஞ்சுதோ எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். ‘அப்ப லைற்றைப் போடு, சின்னப்பிள்ளையள் இருட்டிலை பயப்பிடும்’ எண்டவர்.”

சந்திரகுமார் தலையைக் குனிந்தான். அழுதபடியே மஃப்ளரை இன்னும் பலமாக அழுத்தினான்.